பதினாறு ஆண்டுகளில் ஒரு பெருவாழ்வு

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று பெரியோர் வாழ்த்துவது தமிழர் வழக்கம். அங்கே பதினாறு என்பது செல்வங்களின் எண்ணிக்கை. ஆனால் பதினாறு ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்து, அதையே பெருவாழ்வாக்கிச் சென்றவர் ஒருவர் உண்டு. அவருடைய நினைவு மண்டபம் எங்கள் காரைக்காலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் பத்தாம் வகுப்புக்கு வரும்வரை எங்களில் பெரும்பாலோர் அதைக் கண்டதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்ட கதையே இக்கட்டுரை.

உண்மையைச் சொன்னால், நாங்கள் கேட்டது தில்லையாடிப் பயணம் அன்று. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் 1620ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோட்டையையும், அதன் எதிரே உள்ள கடலையும் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டோம். எங்கள் வரலாற்று ஆசிரியை சிறிது யோசித்தார். போகும் வழியில் தில்லையாடியையும் பார்ப்பதானால் அழைத்துச் செல்லலாம் என்றார். தலைமைச் சகோதரி அவர்களும் அதற்கு இசைந்தார்கள். எங்களுக்குச் சற்று ஏமாற்றந்தான். கடற்கரையில் கழிக்கும் நேரம் குறைந்துவிடுமே என்று சிலர் முணுமுணுத்தோம்.

ஒரு சனிக்கிழமை காலை 8 மணிக்குச் செபம் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினோம். கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி, பூவம் என்று ஊர்கள் பின்னே சென்றன. நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் புதுவை மாநிலம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. அதே வயல், அதே பனைமரம், அதே கடற்காற்று. எல்லை என்பது பலகையில்தான் இருக்கிறது, மண்ணில் இல்லை. பொறையாற்றைக் கடந்து சிறிது தூரம் சென்றால் தில்லையாடி வந்துவிடுகிறது. முன்பு தஞ்சை மாவட்டத்திலும், பிறகு நாகை மாவட்டத்திலும் இருந்த இவ்வூர், 2020ஆம் ஆண்டு முதல் மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது.

நாங்கள் எதிர்பார்த்தது பெரிய கோபுரம் போன்ற ஒரு சின்னம். கண்டதோ அமைதியான ஒரு மண்டபமும், அதனோடு கூடிய ஒரு நூலகமும். தியாகி தில்லையாடி வள்ளியம்மையின் நினைவாக 1971ஆம் ஆண்டில் இது அமைக்கப்பட்டது. செருப்புகளை வெளியே விட்டுவிட்டு உள்ளே சென்று, அவருடைய திருவுருவத்தின் முன் சற்று நேரம் மௌனமாக நின்றோம்.

மௌனம் கலைந்ததும் எங்கள் தோழி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். தலைவர்களுக்குத்தானே மண்டபம் கட்டுவார்கள்? இவர் கட்சி நடத்தவில்லை; பதவி வகிக்கவில்லை; நூல் எழுதவில்லை; வயதும் நம் வயதுதான். இவரை எப்படித் தலைவர் என்பது? இதுவே அவள் கேள்வி. நாங்கள் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தோம். அவர் கோபிக்கவில்லை. விடையை நீங்களே தேடுங்கள், திரும்பும்போது பேருந்தில் எனக்குச் சொல்லுங்கள் என்று மட்டும் கூறிவிட்டார். ஆகவே நூலகத்தில் படித்ததையும், ஆசிரியையிடம் கேட்டறிந்ததையும் தொகுத்து இங்கே தருகிறோம்.

வள்ளியம்மையின் கதை தில்லையாடியில் தொடங்கவில்லை, கப்பலில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் ஆட்சி 1834ஆம் ஆண்டில் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. அதன் பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம் என்று கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு இந்திய ஏழைகளைக் கப்பலேற்றினார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு முதற்கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அக்கப்பலின் பெயர் ட்ரூரோ.

இதைக் கேட்டபோது இது ஏதோ தூரத்துக் கதை என்று எங்களுக்குத் தோன்றியது. ஆனால் ஆசிரியை எங்கள் ஊரையே நினைவூட்டினார். பிரெஞ்சு ஆட்சி 1848ஆம் ஆண்டில் அடிமை முறையை ஒழித்தபின், எங்கள் காரைக்கால் துறையிலிருந்தும் கூலிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் சென்றன. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளில் இன்றும் தமிழ்ப் பெயர் தாங்கி வாழ்கின்ற மக்கள் அப்படிச் சென்றவர்களின் வழிவந்தவர்கள். மாலை வேளையில் நாங்கள் காற்று வாங்கச் செல்லும் கடற்கரையில் எத்தனை தாய்மார்கள் அழுது நின்றிருப்பார்களோ!

ஒப்பந்தக் கூலிகளைத் தொடர்ந்து வணிகரும் சென்றனர். அப்படித் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்களுள் முனுசாமி முதலியாரும் ஒருவர். தங்கச் சுரங்கங்களால் வளர்ந்த ஜோகன்னஸ்பர்க் நகரில் அவர் பழமும் காய்கறியும் விற்கும் கடை வைத்திருந்தார். அவருடைய மனைவி மங்களம். இவர்களுடைய மகளாக 1898ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் வள்ளியம்மை அந்நகரிலேயே பிறந்தார். தில்லையாடி அவருடைய முன்னோர் ஊர். அந்த ஊரை அவர் தம் வாழ்நாளில் ஒருமுறையும் கண்டதில்லை. காணாத ஊரின் பெயரே இன்று அவர் பெயருக்கு முன்னால் நிற்கிறது.

அவர் வளர்ந்த நாட்டில் இந்தியர்க்கு மதிப்பு இல்லை. டிரான்ஸ்வால் பகுதியில் அவர்கள் விரும்பிய இடத்தில் நிலம் வாங்க முடியாது. வெள்ளையர் நடக்கும் நடைபாதையில் நடக்கவும் உரிமை இல்லை. 1907ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், ஆசியர் ஒவ்வொருவரும் குற்றவாளிகளைப் போல விரல் ரேகை பதித்துச் சீட்டு வாங்கி எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. அங்கே வழக்கறிஞராக இருந்த காந்தியடிகள் இதை எதிர்த்து, அடிக்கு அடி கொடுக்காமல், சட்டத்தை மீறிச் சிறை செல்லும் புதுவகைப் போரைத் தொடங்கினார். அதற்குச் சத்தியாக்கிரகம் என்று பெயர் வைத்தார். அந்த அறப்போரில் ஈடுபட்டவர்களுள் முனுசாமி முதலியாரும் ஒருவர். ஆகவே சிறை என்ற சொல் வள்ளியம்மைக்குச் சிறு வயதிலேயே பழகிய சொல்லாக இருந்தது.

1913ஆம் ஆண்டு இரண்டு கொடுமைகள் ஒன்று சேர்ந்து நின்றன. முதலாவது தலைவரி. நேட்டாலில் ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்குகின்ற ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். ஆண்கள் மட்டுமல்லர், பெண்களும் கட்ட வேண்டும். 16 வயது கடந்த சிறுவர்களும், 13 வயது கடந்த சிறுமிகளும் கட்ட வேண்டும். இந்த இடத்தில் ஆசிரியை எங்களைக் கணக்குப் போடச் சொன்னார். கணவன், மனைவி, வயது வந்த பிள்ளைகள் இருவர் என்றால் ஆண்டுக்கு 12 பவுன். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஆகவே 240 ஷில்லிங். அந்தத் தொழிலாளியின் மாத வருமானமோ 14 ஷில்லிங்குக்கு மேல் இல்லை என்று காந்தியடிகள் எழுதியிருக்கிறார். ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 168 ஷில்லிங்தான். உண்ணாமல் உடுத்தாமல் அத்தனையும் கொடுத்தாலும் வரிக்குப் போதாது! கணக்கு நோட்டில் எத்தனையோ கணக்குகள் போட்டிருக்கிறோம். இப்படிக் கண்ணீர் வரவழைத்த கணக்கு வேறில்லை. அந்த நாட்டில் பிறந்திருந்தால் எங்கள் வகுப்பு முழுவதுமே வரி கட்டும் வயதுதான்.

இரண்டாவது கொடுமை ஒரு தீர்ப்பு. 1913ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கேப் மாகாண நீதிமன்றத்தில் சர்ல் என்னும் நீதிபதி, கிறிஸ்தவ முறைப்படி நடைபெற்று முறையாகப் பதிவு செய்யப்பட்ட திருமணங்களே அந்நாட்டில் செல்லும் என்ற பொருள்படத் தீர்ப்பளித்தார். அதன்படி, தாலி கட்டி மணந்த இந்துப் பெண்களும், நிக்காஹ் செய்துகொண்ட முஸ்லிம் பெண்களும் ஒரே நாளில் மனைவி என்னும் நிலையை இழந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தந்தையின் சொத்துக்கு உரிமை அற்றவர்கள் ஆனார்கள்.

இதை வாசித்ததும் எங்களுள் ஒருத்தி வாய்விட்டு அழுதுவிட்டாள். காரைக்காலில் பிறந்தவர்களுக்கு அவள் அழுகையின் காரணம் புரியும். 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து விலகியது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அது சட்டப்படி உறுதியாயிற்று. அதன் பின்னும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருக்கின்ற குடும்பங்கள் எங்கள் ஊரில் பல. அவர்களுக்குப் பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் உயிருக்குச் சமம். எங்கள் தோழியின் தந்தை பிரான்சில் வேலை பார்க்கிறார். அவளுடைய அம்மாவின் பெயரில் ஒரு தாளில் ஓர் எழுத்து மாறிவிட்டது. அந்த ஓர் எழுத்துக்காகத் தாயும் மகளும் இரண்டு ஆண்டுகள் அவரிடம் போய்ச் சேர முடியாமல் காத்திருந்தார்கள். அவளுடைய பாட்டி தம் மகளின் தாலியைத் தொட்டுக்காட்டி, இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டுமாம் என்று கேட்டு அழுவார்களாம். ஓர் எழுத்துப் பிழைக்கே இவ்வளவு வேதனை என்றால், திருமணமே செல்லாது என்று சொல்லப்பட்ட பெண்கள் எப்படித் துடித்திருப்பார்கள்! அன்று ஜோகன்னஸ்பர்க்கில் மங்களம் அம்மையார் அத்தகைய பெண்களுள் ஒருவர். வள்ளியம்மை அத்தகைய பிள்ளைகளுள் ஒருவர். போராட்டம் அவர்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

அதுவரை ஆண்களே சிறை சென்றார்கள். இனிப் பெண்களும் செல்வது என்று முடிவாயிற்று. 1913ஆம் ஆண்டு செப்டம்பரில் கஸ்தூரிபா அம்மையார் உள்ளிட்ட ஒரு குழுவினர் அனுமதிச் சீட்டு இல்லாமல் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்து சிறைப்பட்டனர். டிரான்ஸ்வாலிலிருந்து 11 பெண்கள், பெரும்பாலும் தமிழர், எதிர்த்திசையில் நேட்டாலுக்குள் சென்றனர். கைக்குழந்தையோடு சென்றவர்களும் அவர்களுள் உண்டு. நியூகாசில் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த தொழிலாளர்களிடம் அவர்கள் வரியின் கொடுமையை எடுத்துரைத்தார்கள். தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். அக்டோபரில் அந்தப் பெண்கள் கைது செய்யப்பட்டனர்.

அவர்கள் விட்ட இடத்தைத் தொடர வேறு பெண்கள் வேண்டியிருந்தது. அக்டோபர் 29ஆம் நாள் புறப்பட்ட இரண்டாம் குழுவில் மங்களம் அம்மையாரும் அவருடைய மகள் வள்ளியம்மையும் இருந்தனர். அப்போது வள்ளியம்மைக்கு வயது பதினைந்து. தாயும் மகளும் ஊர் ஊராகச் சென்றார்கள். வேலைநிறுத்தம் ஏன் வேண்டும் என்று கூட்டங்களில் பேசினார்கள். அந்தச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் உழைத்தவர்களில் பலர் தமிழர். கறுத்த கரிப்புழுதியின் நடுவே தாய்மொழியில் ஒரு பெண்ணின் குரல் கேட்டபோது அவர்கள் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! எங்கள் வகுப்பில் இலக்கிய மன்றக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசுவதற்கே எங்களுக்குக் கால் நடுங்குகிறது.

நவம்பர் 6ஆம் நாள் காந்தியடிகள் அந்தத் தொழிலாளர்களை அழைத்துக்கொண்டு எல்லையை நோக்கி நடந்தார். ஆண்கள் 2,037 பேர், பெண்கள் 127 பேர், குழந்தைகள் 57 பேர் என்று அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். வழியில் அவரைச் சிறைப்பிடித்தார்கள். ஆனாலும் வேலைநிறுத்தம் நேட்டால் முழுவதும் பரவியது.

டிசம்பரில் வள்ளியம்மையும் தாயாரும் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 1893ஆம் ஆண்டில் காந்தியடிகளை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டதும் இதே மாரிட்ஸ்பர்க் நகரில்தான். பெண் கைதிகளுக்குத் துணி வெளுக்கும் வேலை கொடுக்கப்பட்டது. உணவோ மிக மோசமானது. வெளியிலிருந்து உணவு வரவழைக்கவும் அனுமதி இல்லை. சிறை புகுந்த சில நாட்களிலேயே வள்ளியம்மையைக் காய்ச்சல் பற்றிக்கொண்டது.

இங்கேதான் அவர் வாழ்வின் பெருமை இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நோய் முற்றுவதைக் கண்ட சிறை அதிகாரிகள், தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுதலை செய்ய முன்வந்தார்கள். வள்ளியம்மை அதை ஏற்கவில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை. போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். நோயுற்ற சிறுமி வீட்டுக்குப் போவதில் என்ன தவறு? ஆனால் தம்மோடு வந்த பெண்கள் உள்ளே இருக்கும்போது தமக்கு மட்டும் கதவு திறப்பதை அவர் விரும்பவில்லை.

1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் விடுதலையானபோது நோய் மிகவும் முற்றிவிட்டது. காந்தியடிகள் அவரைப் பார்க்கச் சென்றார். வள்ளியம்மை இயல்பாகவே நெடிய உருவம் உடையவர். அந்த நெடிய உடல் எலும்பும் தோலுமாய்ப் படுக்கையில் கிடந்த காட்சி காண்பதற்கே அச்சம் தந்தது என்று அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று அவர் கேட்டார். மறுபடி கைது செய்தால் மறுபடியும் செல்ல ஆயத்தமாக இருப்பதாக வள்ளியம்மை சொன்னார். அதனால் உயிர் போனால் என்ன செய்வது என்று கேட்டதற்கும், தாய்நாட்டுக்காக உயிரைக் கொடுக்க விரும்பாதவர் யார் என்ற கருத்தில் விடை தந்தார். அந்தத் தாய்நாட்டை அவர் கண்ணாலும் கண்டதில்லை என்பதை இங்கே மீண்டும் நினைத்துப் பார்க்கிறோம்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் வள்ளியம்மை இயற்கை எய்தினார். அன்று அவருக்குப் பதினாறாவது பிறந்த நாள்.

அவர் உயிர் கொடுத்த காரியம் வீண்போகவில்லை. அவ்வாண்டின் நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுன் வரி நீங்கியது. இந்தியர் திருமணங்களும் செல்லுபடியாயின. ஐந்து மாதங்கள் இருந்திருந்தால் தம் தாய் மீண்டும் சட்டப்படி மனைவியாவதை அவர் கண்ணால் கண்டிருப்பார். ஜூலை 15ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கும், 1909ஆம் ஆண்டில் சிறைக் கொடுமையால் 18 வயதில் இறந்த நாகப்பனுக்கும் நினைவுக்கல் திறக்கப்பட்டது. காந்தியடிகள் அந்நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். மூன்று நாள் கழித்து அவர் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கப்பலேறினார்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். வள்ளியம்மை மறைந்தபோது, அவர் பெயரால் ஒரு மண்டபம் கட்டுவது என்று அங்கிருந்த இந்தியர்கள் இரங்கற் கூட்டத்தில் தீர்மானம் செய்தார்கள். பல இடையூறுகளால் அது நிறைவேறாமலே போயிற்று என்று காந்தியடிகள் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். ஜோகன்னஸ்பர்க்கில் கட்டப்படாத மண்டபம், 57 ஆண்டுகள் கழித்துக் கடலுக்கு இப்பால் அவருடைய முன்னோர் ஊரில் எழுந்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்தது அந்த மண்டபத்தில்தான் என்று உணர்ந்தபோது மெய்சிலிர்த்தது.

இந்தியா திரும்பிய காந்தியடிகள் முதல் சில மாதங்களுக்குள்ளேயே எங்கள் பக்கம் வந்துவிட்டார். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலுமாகத் தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் மாயவரத்துக்கும் அவர் பயணம் செய்தார். தம்மோடு போராடியவர்களின் சொந்த ஊர்களைக் கண்டு வணங்குவது தம் கடமை என்று அவர் கருதினார். அவர் வந்து சென்றதன் நினைவாகத் தில்லையாடியில் ஒரு தூண் நிற்கிறது. மண்டபத்திலிருந்து நாங்கள் அங்கேயும் சென்றோம். 2008ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வள்ளியம்மையின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை இந்திய அஞ்சல் துறை வெளியிட்டது.

எங்கள் பக்கத்துப் பேச்சுப் போட்டிகளில் தவறாமல் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. உங்கள் நாட்டுக்குக் கொடி உண்டா என்று ஓர் அதிகாரி ஏளனம் செய்ய, வள்ளியம்மை தம் சேலையைக் கிழித்து இதுவே கொடி என்று காட்டினார், அந்தச் சேலையின் நிறங்களே தேசியக் கொடியின் நிறங்களாயின என்பது அக்கதை. நாங்களும் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறோம், பரிசும் வாங்கியிருக்கிறோம். ஆனால் பிங்கலி வெங்கையா கொடியின் முதல் வடிவத்தைக் காந்தியடிகளிடம் காட்டியது 1921ஆம் ஆண்டில், விஜயவாடாவில். காவியும் வெண்மையும் பச்சையும் கொண்ட கொடியைக் காங்கிரசு ஏற்றது 1931ஆம் ஆண்டில். அப்போது வள்ளியம்மை மறைந்து பதினேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. மெய்யாக நடந்ததே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, நாம் நகை பூட்டி அழகு பார்க்க வேண்டியதில்லை என்றார் ஆசிரியை. பரிசு வாங்கியவர்கள் தலை குனிந்துகொண்டோம். இனி அவரைப் பற்றிப் பேசும்போது கொடியைச் சொல்ல மாட்டோம். சிறைக் கதவைச் சொல்வோம்.

நூலகத்தில் ஊர்ப் பிள்ளைகள் சிலர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் படிப்பில் ஆழ்ந்தார்கள். பூட்டி வைத்த நினைவுச் சின்னமாக இல்லாமல், நாள்தோறும் பிள்ளைகள் வந்து படிக்கின்ற இடமாக அது இருப்பது எங்கள் மனத்துக்கு நிறைவாக இருந்தது.

தில்லையாடிக்கு மிக அருகில்தான் திருக்கடையூர். எமனிடமிருந்து காப்பாற்றப்பட்டு என்றும் பதினாறு வயதோடு இருக்கும் வரம் பெற்ற மார்க்கண்டேயனின் கதையை எங்கள் இந்துத் தோழியர் வழியில் சொன்னார்கள். மார்க்கண்டேயன் உயிர் பிழைத்து என்றும் பதினாறாக இருக்கிறான். வள்ளியம்மை உயிரைக் கொடுத்து என்றும் பதினாறாக இருக்கிறார். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு இப்படி ஒரு பொருத்தம்!

பிறகு தரங்கம்பாடிக்குச் சென்றோம். நாங்கள் ஆசைப்பட்ட கோட்டையும் கடலும் கிடைத்தன. கொண்டுவந்த புளியோதரையைப் பகிர்ந்து உண்டோம். ஆனால் அலையில் விளையாடுவதற்கு முன்போல் ஆரவாரம் எழவில்லை. மணலில் அமர்ந்து வெகு நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் நண்டலாற்றுப் பாலம் வருமுன் ஆசிரியை எங்களிடம் விடை கேட்டார். பலர் பலவாறு சொன்னோம். வயதில் பெரிய சுரங்கத் தொழிலாளர்களையே எழுந்து வரச் செய்த குழுவில் இருந்தவர் தலைவர்தாம் என்றாள் ஒருத்தி. தமக்கென்று எதுவும் கேட்காதவர் தலைவர் என்றாள் மற்றொருத்தி. கடைசியில் கேள்வி கேட்ட தோழியே எழுந்தாள். தலைவர் என்றால் எல்லாருக்கும் முன்னால் போகிறவர் என்று நினைத்திருந்தேன், மற்றவர்கள் உள்ளே இருக்கும்போது தான் மட்டும் முதலில் வெளியே வர மறுக்கிறவரும் தலைவர்தாம் என்று இன்று தெரிந்துகொண்டேன் என்றாள். ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. அவளை அருகில் அழைத்து உட்கார வைத்துக்கொண்டார்.

எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு வரும் பிப்ரவரியில் பதினாறு வயது நிறைகிறது. வேறு யாரும் அல்லள். நூலகத்தில் அழுத அதே தோழிதான். அவளுடைய அம்மாவின் தாள்கள் இப்போது சரியாகிவிட்டன. பொதுத் தேர்வு முடிந்ததும் அவள் தந்தையிடம் பிரான்சுக்குப் போகிறாள். பிறந்த நாளில் வண்ண உடை உடுத்தி வகுப்புக்கு மிட்டாய் கொடுப்பது எங்கள் வழக்கம். அவள் அந்த மிட்டாய்ப் பணத்தில் தில்லையாடி நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கித் தரப் போவதாகச் சொல்லிவிட்டாள். மிட்டாய் போனதற்காக யாரும் முணுமுணுக்கவில்லை. நாங்களும் ஆளுக்குச் சிறிது சேர்த்து இன்னும் சில புத்தகங்கள் வாங்குவதாக இருக்கிறோம்.

வள்ளியம்மை கடல் கடந்த நாட்டில் பிறந்து, காணாத தில்லையாடியைத் தம் பெயரில் தாங்கினார். எங்கள் தோழி இங்கே பிறந்து கடல் கடந்து போகிறாள். அங்கே அவளை எந்தப் பெயரால் அழைப்பார்களோ தெரியாது. எங்களுக்கு மட்டும் அவள் என்றும் காரைக்கால்காரிதான். போகும் இடத்தில் ஒரு தாளுக்காக அழுது நிற்கும் பெண் யாரையேனும் கண்டால், அவள் விலகிப் போகாமல் பக்கத்தில் போய் நிற்பாள் என்று நம்புகிறோம். தில்லையாடிக்குச் சென்று வந்த நாங்கள் அனைவரும் அப்படி நிற்க இறைவன் எங்களுக்குத் துணிவு தருவாராக!